ஈ.ஆர்.ஏ.-வைப் பார்த்து ஆளைத் தூக்காதீர்கள்: அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால், சில வருட அனுபவம்

பாளையங்கோட்டையில் பேஸ்பால் என்றால் "அந்த அமெரிக்கக்காரன் ஆட்டமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வ.உ.சி. மைதானத்திலும் கிரிக்கெட், சங்கர் நகரில் டி.என்.பி.எல். வந்தால் அங்கேயும் கிரிக்கெட். அதனால் அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற இந்த கம்ப்யூட்டர் கேமைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மன்காரர் ஆரம்பித்தது, முதல் பதிப்பு 1999-இல் வந்தது, இப்போது வருடத்துக்கு ஒன்று வருகிறது. மட்டை பிடித்து அடிக்கிற வேலையெல்லாம் கிடையாது. ஆள் எடுப்பது, சம்பளம் பேசுவது, யாரை இறக்குவது, யாரை அனுப்புவது, அவ்வளவுதான். திரை முழுக்க எண்கள். முதல் சில வாரம் தலை சுற்றும், அதைத் தாண்டினால் விட முடியாது. என் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது, கரன்ட் போனாலும் பேட்டரியில் ஒரு மாத ஆட்டத்தைத் தள்ளிவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அணியில் ஓர் இடதுகை பிட்சர் (பந்து எறிகிறவன்), போன சீசனில் நன்றாகப் போட்டவன், இந்த சீசனில் ஈ.ஆர்.ஏ. ஆறுக்கு மேல் போய்விட்டது. அதாவது ஒன்பது இன்னிங்ஸ் போட்டால் ஃபீல்டர் கைதவறி விட்ட ரன்னைச் சேர்க்காமலே சராசரியாக ஆறு ரன்னுக்கு மேல் கொடுக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா மகன், "அத்தான், இவன இன்னுமா வச்சிருக்கீய?" என்றான். "பொறுல மாப்ள" என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்தைத் திறந்தேன்.

ஈ.ஆர்.ஏ.-வில் பிட்சரின் கையும் இருக்கிறது, பின்னால் நிற்கிற ஏழு பேரின் கையும் இருக்கிறது. எட்டிப் பிடிக்க வேண்டிய பந்துக்கு நகராமல் நின்றுவிட்டு பவுலரைத் திட்டுகிற கதை நமக்குத் தெரியாததா? 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் இதைத்தான் எண்களோடு எழுதினார்: மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுகிற பந்து ஹிட் ஆவதா (அடித்தவன் பத்திரமாக பேஸுக்குப் போய்ச் சேர்வதா) அவுட் ஆவதா என்பதில் பிட்சருக்கு ரொம்பக் குறைவான பிடிதான். அப்புறம் எஃப்.ஐ.பி. என்ற கணக்கு வந்தது. கொடுத்த ஹோம் ரன்னை (நம்ம சிக்ஸர் மாதிரி) 13-ஆலும், வாக்கையும் (நாலு பந்தைத் தப்பாக எறிந்து சும்மா ஒரு பேஸ் கொடுப்பது) உடம்பில் எறிந்ததையும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்டை (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை அவுட் ஆக்குவது) 2-ஆல் பெருக்கிக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, ஈ.ஆர்.ஏ. அளவுக்குக் கொண்டுவர ஒரு மாறிலியைச் சேர்ப்பார்கள். ஃபீல்டர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

என் ஆளுக்கு அந்த எஃப்.ஐ.பி. நாலுக்குக் கீழேதான் இருந்தது. ஸ்ட்ரைக் அவுட் குறையவில்லை, வாக் கூடவில்லை, வேகமும் அப்படியே. உள்ளே விழுந்த பந்துகள் ஹிட் ஆகிற சராசரி மட்டும், பொதுவாக .300 பக்கம் இருக்க வேண்டியது, எங்கேயோ போய் நின்றது. ஓர் ஆட்டத்தின் பதிவைத் திறந்து பந்து பந்தாகப் பார்த்தால் தரைப்பந்து, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற ஃபீல்டர்) பக்கம், சிங்கிள் (முதல் பேஸ் வரை போகிற ஹிட்). மறுபடியும் தரைப்பந்து, அதே பக்கம், சிங்கிள். இவன் தரையில் உருட்ட வைக்கிற வகை பிட்சர், என் ஷார்ட்ஸ்டாப்போ மட்டைக்காக வாங்கிய ஆள், நகரவே மாட்டான். அவனை மாற்றவும் மனசில்லை, அணியில் பாதி ரன் அவன் அடிப்பதுதான்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் ராய் ஹாலடே என்ற நிஜ பிட்சரின் கதையைச் சொல்வார்கள். 2000-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 10.64. அடுத்த வருடம் கிளாஸ் ஏ என்ற கீழ்மட்ட மைனர் லீக் வரை இறக்கி, எறிகிற முறையையே மாற்றினார்கள், 2003-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், 2010-இல் இன்னொன்று. அருமையான கதைதான், ஆனால் என் கேஸுக்குப் பொருந்தாது. அந்த 2000 சீசனில் ஹாலடே 44 ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 42 வாக் கொடுத்திருந்தார், கோளாறு எறிதலிலேயே இருந்தது. என்னவனிடம் திருத்த ஒன்றும் இல்லை.

இருந்தாலும் கீழே அனுப்பவும் முடியாது. மைனர் லீகுக்கு அனுப்புகிற ஆப்ஷன் மூன்று சீசனுக்குத்தான், அவனுக்குத் தீர்ந்துவிட்டது. இனி வெய்வரில், அதாவது வேண்டுகிற அணி எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடுகிற பட்டியலில், போட்டுத்தான் அனுப்ப வேண்டும், போட்டால் மற்ற 29 அணிகளில் எவனாவது சும்மா தூக்கிக்கொண்டு போவான். டிரேடுக்குக் கேட்டுப் பார்த்தேன், அடிமாட்டு விலைதான். கம்ப்யூட்டர் அணிகள் இந்த வருட எண்களுக்கும் கொஞ்சம் எடை கொடுக்கின்றன. எவ்வளவு எடை என்பதை அமைப்பில் போய் நாமே மாற்றலாம், ஆனால் நடு சீசனில் அதில் கைவைப்பது எனக்குப் பிடிக்காது, அப்புறம் என்ன ஆட்டம்?

அதனால் வைத்துக்கொண்டேன். தொடக்க பிட்சர் வரிசையிலிருந்து எடுத்து புல்பென்னில் (ஆட்டத்தின் நடுவே இறங்குகிற மாற்று பிட்சர்கள் கூட்டம்) போட்டு, முன்னணியில் இருக்கும்போது ஏழாவது இன்னிங்ஸில் இறக்குகிறேன். அந்நேரம் ஷார்ட்ஸ்டாப்பையும் மாற்றி, நன்றாகப் பிடிக்கிற ஆளை நிறுத்தலாம், மட்டை வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஈ.ஆர்.ஏ. மெல்ல இறங்குகிறது. ஜூலை கடைசியில் டிரேடு மூடுவதற்குள் நல்ல இன்ஃபீல்டு (பேஸ்களைச் சுற்றி நிற்கிற ஃபீல்டர்கள்) உள்ள அணி எதுவாவது சரியான விலை கேட்டால் கொடுத்துவிடுவேன். ஸ்ட்ரைக் அவுட் குறைந்து வேகமும் இறங்கியிருந்தால் மாப்பிள்ளை சொன்ன அன்றைக்கே அனுப்பியிருப்பேன்.