செஞ்சிக் கோட்டை: படமெடுக்க ராஜகிரியா, கிருஷ்ணகிரியா?

ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் மலைகள். ஒரே நாளில் இரண்டும் ஏற முடியாது என்றால் நான் கிருஷ்ணகிரிக்குத்தான் போவேன். ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்கு முன் பிளந்து கிடக்கும் பாறை இடுக்கும், அதைத் தாண்டும் பாலமும் அருமையான படம். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்த கோட்டை இது. 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தச் சரித்திரத்தைச் சொல்ல, உச்சியில் கிடக்கும் பீரங்கியைக் காலைச் சாய்வெயிலில் கிட்டத்தில் எடுங்கள். இரும்பின் சொரசொரப்பு தெரியும்.

ஆனால் ராஜகிரியில் நின்றால் ராஜகிரி தெரியாதே! கிருஷ்ணகிரியின் குவிமாட மண்டபத்து வளைவுக்குள் அந்த மலை முழுசாக அடங்கும். ஏற்றமும் குறைவு. அப்புறம், தண்ணீர் மறக்காதீர்கள்.