சென்னை மாடியில் எது காய்க்கும்: பட்டாணியா, காராமணியா, அவரையா?

கோயம்பேட்டில் பச்சைப் பட்டாணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கி விலை சரியும் மார்கழி, தை மாதங்களில்தான் சென்னையிலும் பட்டாணி வளர்வதற்கு ஓரளவேனும் ஏற்ற குளிர்ச்சி நிலவுகிறது. ஆகவே காய்கறிச் செலவைக் குறைக்கும் எண்ணத்தோடு அதை மாடியில் மண் நிரப்பிய வளர்ப்புப் பையில் விதைப்பவருக்குக் கணக்கு கட்டுப்படியாகாது. அதே பையில் காராமணியோ அவரையோ போட்டிருந்தால் காயாவது நிறைவாகக் கிடைத்திருக்கும். இருந்தும் பட்டாணியை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

பட்டாணி நன்றாகச் செழிப்பது சராசரி வெப்பநிலை 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடங்களில்தான். 30 டிகிரியைத் தாண்டினால் பூக்கள் உதிர்ந்துபோகின்றன, தப்பிப் பிடித்த காய்களிலும் மணிகள் குறைகின்றன. சென்னையிலோ ஜனவரியில்கூடப் பகல் 29 டிகிரியையும் இரவு 21 டிகிரியையும் ஒட்டியே இருக்கிறது. அர்கெல் போன்ற குறுகிய காலக் குட்டை ரகம் விதைத்த ஐந்தாறு வாரங்களில் பூத்து, இரண்டு மாதங்களுக்குள் முதல் பறிப்புக்கு வந்துவிடும். அந்தப் பூக்கும் பருவம் ஜனவரித் தொடக்கத்தில் அமைய வேண்டுமென்றால் நவம்பர் இறுதிக்குள் விதைத்தாக வேண்டும்; அதுவோ வடகிழக்குப் பருவமழை கொட்டும் சமயம் என்பதால், நீர் தேங்கிய பையில் விதை முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். மழை ஓயட்டும் என்று டிசம்பர் பாதி வரை காத்திருந்தால் காய் திரளும்போது பிப்ரவரி வெயில் வந்து நிற்கும்.

இந்த இடுக்கிலிருந்து தப்ப ஒரே வழி, பையிலேயே நேரடியாக விதைத்து, மழை விடும்வரை அதைச் சன்ஷேடின் கீழ் வைத்திருந்து, பிறகு காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்துவதுதான். பட்டாணி நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் தாங்காது. மார்கழிப் பனியில் இலைகளில் வெள்ளையாகப் படரும் சாம்பல் நோய்க்கு அர்கெல் எளிதில் இரையாகிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அஜித் அந்த நோயைத் தாங்கினாலும், கூடுதல் நாள் எடுப்பதால் நம் குறுகிய குளிருக்குள் அடங்குவது கடினம். அதே நிறுவனம் வெப்பம் தாங்கும் ரகமாக வெளியிட்ட அர்கா சைத்ராவின் விதை கிடைக்குமானால் அதையே முதலில் தேர்ந்தெடுக்கலாம். இத்தனை பாடுபட்டும், ஒரு கிலோ காயை உரித்தால் அரைக் கிலோவுக்குக் குறைவாகத்தான் மணி தேறும் என்பதை மறக்கலாகாது. நான்கைந்து பைகள் வைத்தவர் ஒருநாள் குருமாவுக்குக் கண்டால் அது நல்ல விளைச்சலே.

காராமணிக்கு இந்தப் பஞ்சாங்கமெல்லாம் தேவையில்லை. பட்டாணி வாடும் வெப்பத்தில்தான் அது வேகமெடுக்கிறது, விதைத்த ஏழெட்டு வாரங்களில் பறிக்கத் தொடங்கலாம், பிஞ்சுக் காயை முழுதாகவே நறுக்கிப் பொரியல் செய்வதால் தோல் என்று எதுவும் வீணாவதில்லை. நீளக் காராமணிக்குக் கயிறோ கம்போ கட்டி ஆளுயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். அதன் பெருந்தொல்லை சாறு உறிஞ்சும் கருநிற அசுவினிப் பூச்சி. அது கசியவிடும் இனிப்பைத் தேடி எறும்புகள் கொடியில் ஏறுவதைக் கண்டவுடன் நீரைப் பீய்ச்சி அடித்து, சிறிது சோப்பு சேர்த்துக் கலக்கிய வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிக் கொட்டினால் கொடிதான் தழைக்கும், காய் பிடிக்காது.

பந்தல் அவரையின் நிலை வேறு. ஆடிப் பட்டத்தில் விதைத்தால், பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் இயல்புடைய அது, ஏறக்குறைய பட்டாணியின் பருவத்திலேயே காய்க்கிறது. அதுவும் ஒருமுறை தொடங்கினால் வாரக்கணக்கில் தருகிறது. ஆனால் அதற்குப் பெரிய டிரம்மும் உறுதியான பந்தலும் வேண்டும். 2016இல் வர்தா புயலும் 2023இல் மிக்ஜாம் புயலும் டிசம்பரில்தான் வந்தன என்பதை நினைவில் கொண்டால், மொட்டை மாடியில் பந்தல் போடுவதன் இடர் புரியும். சுற்றுச்சுவரை ஒட்டித் தரையில் நடும் வசதி உள்ள தனிவீட்டாருக்கு அவரையைப் போன்ற வேறொன்றில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் செடி அவரை ரகங்களை நாடுவதே மேல். இவற்றைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது.

அப்படியானால் பட்டாணிக்கு என்ன மிச்சம்? முதலாவது, இனிப்பு. பறித்த கணத்திலிருந்தே மணியிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குவதால், செடியிலிருந்து பறித்தவுடன் வாயில் போடும் பட்டாணியின் சுவையைச் சந்தைப் பட்டாணியால் தர முடியாது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு பையாவது வைக்க இதுவே போதிய காரணம். இரண்டாவது, தளிர். பூவும் காயும் வேண்டாமென்றால் வெப்பத்தைப் பற்றிய கவலையில் பாதி போய்விடுகிறது. மளிகைக் கடையின் உடைக்காத காய்ந்த பட்டாணியை இரவு ஊறவைத்து, ஆழமில்லாத தட்டில் நெருக்கமாக விதைத்து நிழலில் வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் கீரைபோலப் பொரியல் செய்யலாம். அடிக்கணுவை விட்டு நறுக்கினால் மறுபடியும் ஒருமுறை துளிர்க்கும். ஐப்பசி முதல் மாசி வரை இதைத் தொடர்ந்து செய்யலாம். கோடையில் தட்டிலேயே முளை அழுகிவிடுவதுண்டு. விதைக் கடையில் நிறமேற்றி, பூஞ்சைக் கொல்லி பூசி விற்கப்படும் விதையைத் தளிருக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.