'பெரிய நாய் சார்' என்று சொல்லியே எங்கள் குட்டியின் காலைக் கெடுத்தார்கள்

கிரேட் டேன், மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்ட் மாதிரி பேரினக் குட்டி ஏதாவது உங்கள் வீட்டுக்கு வரப்போகிறதா? இல்லை, ஏற்கெனவே வந்து செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறதா? இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நாங்கள் எதுவும் தெரியாமல் போனோம். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். எங்களிடம் சொன்ன பொய்யை எந்த ஊரிலும் எந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தும் சொல்லலாம். பெரிய நாய் என்றால் எல்லாமே கூடுதலாக வேண்டும் என்பதுதான் அந்தப் பொய்.

சுண்டு ஒன்பது வாரத்தில் எங்களிடம் வந்தாள். சுண்டெலியின் சுருக்கம், பெயர் வைத்தது என் தங்கை. அப்போது எடை 9 கிலோவுக்குச் சற்று மேல். கிரேட் டேன் குட்டிக்கு அது சாதாரணம். முதல் தடுப்பூசி பிறந்த இடத்திலேயே போட்டிருந்தார்கள், இரண்டாவதுக்காகத்தான் போனோம். குட்டி ஓடினாள், தின்றாள், தூங்கினாள். ஒரு குறையும் இல்லை.

உள்ளே போனதும் மருத்துவர் அவளுடைய முன்னங்கால் மணிக்கட்டை விரலால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது உண்மைதான். "கால்சியம் பத்தல சார். ரிக்கெட்ஸ் ஆரம்பிச்சிருக்கு. பெரிய நாய் இல்லையா, இப்பவே கவனிக்கலேன்னா நடக்கவே நடக்காது" என்றார். ரிக்கெட்ஸ் என்றால் வளருகிற எலும்பு வலுவில்லாமல் மென்மையாகிவிடுகிற நோய். என் தங்கைக்கு முகமே மாறிவிட்டது. எனக்கும்தான். 'நடக்கவே நடக்காது' என்று ஒருவர் சொன்ன பிறகு எதை எடுத்து நீட்டினாலும் வாங்கிக்கொள்வோம்.

வாரம் ஒரு கால்சியம் ஊசி, தினமும் கால்சியம் சிரப், வைட்டமின் டி சொட்டு மருந்து, சாப்பாட்டில் கலக்க ஒரு பொடி டப்பா. எல்லாம் அங்கேயே விற்றார்கள். சாப்பாட்டையும் 'கேட்கிற அளவு போடுங்க, வளர வேண்டிய உடம்பு' என்றார். தடுப்பூசிக்கு உதவியாளர் குட்டியை உள்ளறைக்குத் தூக்கிப் போனார். வெளியே வந்தபோது பில்லில் தடுப்பூசி இரண்டு என்று இருந்தது. கேட்டேன். அதே பதில்தான், 'பெரிய நாய் சார், ஒரு டோஸ் காணாது.'

தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். இரண்டு குப்பியையும் அவளுக்குப் போட்டார்களா, ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்குக் காசு வாங்கினார்களா என்பது இன்றுவரை தெரியாது. இரண்டில் எது நடந்திருந்தாலும் தப்பு. தடுப்பூசி எடைக்கு ஏற்ப ஏறுகிற மருந்து இல்லை. கைக்குள் அடங்குகிற சிவாவா குட்டிக்கும் கிரேட் டேனுக்கும் அதே ஒரு டோஸ்தான். உடம்பின் எதிர்ப்பு மண்டலத்துக்கு 'இதுதான் எதிரி' என்று ஒருமுறை காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. ஆள் பெரியவரா சின்னவரா என்று அது பார்ப்பதில்லை. எடை பார்த்துக் கொடுக்க வேண்டியது குடற்புழு மருந்து. அதை அந்த மருத்துவர் எடையே பார்க்காமல் கண்ணளவில் எழுதிக்கொடுத்தார். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ ஏறுகிற குட்டிக்குப் போன மாத எடையே பழங்கதை. கண்ணளவு எப்படி சரியாக வரும்?

இன்னொன்று. குட்டி கனமாக இருக்கிறாள் என்று காத்திருக்கும் கூடத்தில் அவளைத் தரையில் விடச் சொன்னார்கள். தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை நோய் நாய்கள் வந்து போகிற தரையில் விடவே கூடாது. குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைத்து உயிரையே வாங்கக்கூடிய பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதனால்தான் 16 வாரம் தாண்டும்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். சுண்டு பிழைத்தது அதிர்ஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து வாரம் ஊசி போட்டோம். ஒரு வாரம்கூடத் தவறவில்லை, சிரப்பும் ஒரு வேளை தவறவில்லை. என் தங்கை காலண்டரில் டிக் அடித்து வைத்தாள். பதினைந்தாவது வாரத்தில் சுண்டு காலையில் எழுந்திருக்கத் தயங்க ஆரம்பித்தாள். முன்னங்கால் மணிக்கட்டு முன்பக்கமாக மடங்கிக்கொண்டது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. ஊசியை நிறுத்தியிருக்க வேண்டிய நேரம் அது. நாங்களோ ஊசி போட்டவரிடமே ஓடினோம்.

எக்ஸ்ரே எடுக்க மயக்க மருந்து கொடுத்தார்கள். அன்றைக்கும் எடை பார்க்கவில்லை. பேரின நாய்களுக்கு மயக்க மருந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று அப்படியே பெருக்கிக் கொடுக்கக் கூடாது, சில மருந்துகள் கிலோவுக்குக் குறைவாகவே போதும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று மதியம் கொடுத்த மருந்துக்கு அவள் மறுநாள் காலைவரை தலையைத் தூக்கவில்லை. இரவெல்லாம் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு மருத்துவர் பேனாவால் காட்டினார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பின் குறுக்கே ஒரு கருப்புக் கோடு. "விரிசல் விட்டிருச்சு சார்." இன்னொரு காலின் படத்தைப் போட்டார். அதிலும் அதே இடத்தில் அதே கோடு. "இதிலயுமா?" என்றேன். "ரெண்டுலயும்தான். பெரிய நாய் இல்லையா, வெயிட்டு தாங்கல."

இரண்டு காலிலும், அளந்து வைத்த மாதிரி ஒரே இடத்தில், ஒரே மாதிரி விரிசல். எனக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது அங்கேதான். இரண்டு காலுக்கும் கட்டுப் போட வேண்டும், தேறாவிட்டால் அறுவை சிகிச்சை, கையோடு கருத்தடையும் செய்துவிடலாம், சேர்த்துச் செய்தால் சலுகை என்று அடுக்கிக்கொண்டே போனார். வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்தேன். எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டேன். வெளியே கொடுக்கும் வழக்கமில்லை என்றார். நல்லவேளை, அவர் பேனாவால் காட்டிக்கொண்டிருந்தபோதே என் தங்கை திரையைப் போனில் படம் எடுத்திருந்தாள்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறொரு மருத்துவரிடம் போனோம். வயதான அம்மா. எங்களை வண்டியிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு, முறை வந்ததும் உள்ளே கூப்பிட்டார். முதலில் தராசில் ஏற்றினார். பிறகு காய்ச்சல் பார்த்தார். ரப்பர் விரிப்பில் நடக்கவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டினார், மூட்டுக்கு மேலே எலும்பை மெல்ல அழுத்தி அவள் முகத்தைக் கவனித்தார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பி, "தீனிப் பையைக் கொண்டுவந்தீங்களாப்பா?" என்றார். கொண்டுபோகவில்லை. போனில் அதன் பின்பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினோம். என்னென்ன மருந்து கொடுத்தோம் என்று வரிசையாகச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

போன் படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அது விரிசல் இல்லையாம், வளர்ச்சித் தட்டு. எலும்பு நீளமாக வளருகிற குருத்தெலும்புப் பகுதி. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாது, அதனால் கருப்புக் கோடாகத் தெரியும். எல்லாக் குட்டிக்கும் இருக்கும், இரண்டு காலிலும் இருக்கும், இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பேரினங்களில் எலும்பு முழுசாக முதிர ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும். முதல் நாள் 'ரிக்கெட்ஸ்' என்று காட்டிய புடைப்பும் அதே இடம்தான். வேகமாக வளருகிற கிரேட் டேன் குட்டிகளுக்கு மணிக்கட்டு முடிச்சாகத் தெரிவது சாதாரணமாம். வெறும் இறைச்சியை மட்டுமே தின்று வளருகிற குட்டிக்குக் கால்சியம் குறையும், அது வேறு கதை. குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமையான தீனியைத் தின்கிற குட்டிக்கு ரிக்கெட்ஸ் வருவது மிக அபூர்வம்.

அப்புறம் கால்சியம். இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தைப் பெரும்பாலும் உள்ளே விடாது. குட்டியின் குடலுக்குச் சுமார் ஆறு மாதம்வரை அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை. கொடுத்ததில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். அதிகக் கால்சியம் குருத்தெலும்பு எலும்பாக மாறுகிற வேலையையே தடுமாற வைக்கும். முன்னங்காலில் இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் வளருகின்றன. ஒன்று தடுமாறினால் மற்றது வில்லாக வளையும், பாதம் வெளியே திரும்பும். எங்கள் சுண்டுவுக்கு நடந்தது அதுதான்.

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தியும் இல்லை. 1974-லேயே கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வு, கேட்கிற அளவு தின்னவிட்ட குட்டிகளுக்கு எலும்புக் கோளாறுகள் வந்ததைக் காட்டியது. 1980-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன்களுக்கே அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள்; கால் வளைவு அங்கேயும் வந்தது. அமெரிக்காவில் கால்நடை, நாய் தீனிகளுக்கு அளவுகள் வகுக்கிற ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அளவுகோல், வளர்ந்தபின் சுமார் 32 கிலோவைத் தொடப்போகிற குட்டிகளின் தீனியில் ஈரப்பதம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மற்றக் குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். அதாவது பெரிய நாய்க்கு உச்சவரம்பு குறைவு. எங்களிடம் சொன்னதற்கு நேர் எதிர். தீனிப் பையின் பின்னால் பெரிய இனங்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது இருந்தால் தனியாக ஒரு சொட்டுக் கால்சியமும் வேண்டியதில்லை.

அன்றைக்கே சிரப், சொட்டு மருந்து, பொடி மூன்றும் குப்பைக்குப் போயின. தீனியை அளந்து போடச் சொன்னார். கையால் தடவினால் விலா எலும்பு எளிதாகத் தட்டுப்பட வேண்டும், கொழுகொழு குட்டி வேண்டாம். வழுக்குகிற தரையில் விரிப்புப் போடச் சொன்னார். கட்டு எதுவும் போட வேண்டாம், கட்டினால் தசை இன்னும் தளரும் என்றார். காய்ச்சல் ஏன் பார்த்தார் என்று கேட்டேன். இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் பேரினக் குட்டிகளுக்கு மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, சூடாகி, காய்ச்சலோடு எழுந்திருக்கவே முடியாமல் போகிற ஓர் எலும்பு நோய் உண்டாம். அது வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். கருத்தடைக்கு அவசரம் இல்லை, நன்றாக வளரட்டும் என்றார். செய்கிறபோது இரைப்பையை வயிற்றின் பக்கச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாம். இந்த இனத்துக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். வாந்தி வராமலே ஓங்கரித்துக்கொண்டு வயிறு உப்பினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

யோசித்துப் பார்த்தால் எனக்கு அதிகம் ஆத்திரம் வருவது இதில்தான். பெரிய நாய் என்பதற்காக உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை இத்தனை இருக்கின்றன. எடை, மயக்க மருந்து, தரை, வயிறு. இவற்றில் ஒன்றைக்கூட அந்த முதல் ஆள் தொடவில்லை. எதை விற்க முடியுமோ அதற்கு மட்டும்தான் அவருக்கு அவள் பெரிய நாயாக இருந்தாள்.

நிமிர்ந்து நடக்க ஆறேழு வாரம் ஆனது. இப்போது சுண்டுவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, எடை 54 கிலோ, சோபா முழுவதும் அவளுடையது. வலது கால் நேராகிவிட்டது. இடது பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே பார்க்கிறது, அது இனி அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குளிர் நாட்களில் எழுந்திருக்கும்போது அந்தக் காலை ஒருமுறை உதறிக்கொள்வாள். என் தங்கை அந்தப் பழைய காலண்டரை இன்னும் தூக்கிப் போடவில்லை.

எக்ஸ்ரே பிரதி கேட்டு அந்த மருத்துவமனைக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. ஆனால் மாதம் தவறாமல் குறுஞ்செய்தி மட்டும் வருகிறது: 'சுண்டுவின் அடுத்த கால்சியம் ஊசிக்கான நாள் நெருங்கிவிட்டது.' அந்த எண்ணை முடக்காமல் வைத்திருக்கிறேன். எக்ஸ்ரே வந்த பிறகு முடக்கிக்கொள்ளலாம்.