கீசரின் சத்தத்தை நிறுத்தியவர் அடைத்துவிட்டுப் போனது எதை?

எங்கள் குளியலறையில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு மின்சார கீசர் இருக்கிறது. 25 லிட்டர் தொட்டி, தண்ணீரைச் சூடாக்க உள்ளே 2,000 வாட் காயில். சில மாதங்களுக்கு முன் அது சத்தம் போடத் தொடங்கியது. சுவிட்சைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல டப், டப் என்று வெடிக்கும். பிறகு ஓர் உறுமல் எழும். சரிசெய்ய ஒருவரை அழைத்தோம். சத்தம் அன்றைக்கே நின்றது. ஆனால் அதற்குப் பிறகு 26 நாட்கள், பாதுகாப்பு வழி அடைக்கப்பட்ட ஒரு தொட்டியின் கீழே நின்று என் அம்மா குளித்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

அந்த ஆள் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். வீட்டில் அம்மா மட்டும். வந்தவர் ஸ்குரூடிரைவரின் பிடியால் தொட்டியைத் தட்டிப் பார்த்தாராம். டார்ச் அடித்து, அடியில் இருந்த ஒரு துருக்கோட்டைச் சுரண்டி விரலில் எடுத்துக் காட்டினாராம். அடுத்து, தொட்டியின் தண்ணீரைக் கொஞ்சம் ஒரு பக்கெட்டில் பிடித்தார். பழுப்பு நிறத்தில் கலங்கலாக வந்தது. "பார்த்தீர்களா அம்மா, உள்ளே எல்லாம் அரித்துவிட்டது. இன்றிரவு தாங்குமா என்றே எனக்குச் சந்தேகம். காயில், தெர்மோஸ்டாட், ஆனோடு ராடு மூன்றையும் உடனே மாற்றியாக வேண்டும்" என்றார். அம்மா பதறிப்போய் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒரு கூட்டத்துக்கு நடுவில் இருந்த நான், "சரி, செய்யச் சொல்லுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் தவறு தொடங்கியது அந்த ஒரு வார்த்தையில்தான்.

ஒன்பது ஆண்டாகத் திறக்காத எந்தத் தொட்டியிலும் முதல் பக்கெட் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும். அடியில் தங்கிய வண்டல் அது. இரண்டு மூன்று முறை நிரப்பி வடித்தால் தெளிந்துவிடும். எத்தனை முறை வடித்தாலும் வெந்நீர் மட்டும் செம்பழுப்பாகவே வந்தாலோ, தொட்டியின் உடலிலிருந்தே நீர் கசிந்தாலோதான் தொட்டி அரித்துவிட்டது என்று பொருள். அந்த நிலை வந்துவிட்டால் எந்த உதிரிபாகத்தை மாற்றியும் பயனில்லை, கீசரையே மாற்ற வேண்டும். அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால், தொட்டி அரித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே காயிலை மாற்றச் சொல்வது ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

"மின்சார வேலை, தண்ணீர் தெறிக்கும், உள்ளே வராதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். முக்கால் மணி நேரம். உள்ளே தட்டும் சத்தமும் கழற்றும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்ததாக அம்மா சொன்னார். வெளியே வந்தவர், சத்தம் நின்றுவிட்டதையும், குளிர்நீர்க் குழாய் அருகே எப்போதும் சொட்டிக்கொண்டிருந்த வால்வு காய்ந்திருப்பதையும் காட்டினார். "அந்தக் கசிவையும் இலவசமாகச் சரிசெய்துவிட்டேன்" என்றாராம். கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாங்கிய தொகை, இதே அளவில் ஒரு புதிய கீசரின் விலையில் பாதிக்கு மேல். ரசீதில் எழுதியிருந்தது "பழுதுநீக்கம்" என்ற ஒரே சொல்.

ஒரு வாரம் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அதன் பிறகுதான் தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை என்பது உறைத்தது. எவ்வளவு நேரம் விட்டாலும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அவரை மறுபடி அழைத்தோம். இந்த முறை அவர் மூடியைக்கூடத் தொடவில்லை. "நான் அன்றே சொன்னேனே, இது பழையது. இனி இதில் செலவு செய்வது வீண். புதியது நானே கொண்டுவந்து மாட்டுகிறேன், பழையதை எடுத்துக்கொள்கிறேன்" என்றார். பழையதைக் கொண்டுபோவதில் அவர் காட்டிய அவசரம்தான் எனக்கு உறுத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அறுபது வயதிருக்கும் பெரியவர். குளியலறைக்குள் நுழைந்து மேலே பார்த்தவர், ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்து மின்பெட்டிக்குப் போய் கீசரின் பிரேக்கரை இறக்கினார். அதன் பிறகுதான் என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்த வால்வில் மூடி போட்டது யார்?"

குளிர்நீர் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறிய பித்தளை வால்வு இருக்கும். சேஃப்டி வால்வு என்பார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு துளை. அந்தத் துளையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றி, ஒரு பித்தளை மூடியை முறுக்கி இறுக்கியிருந்தார் முதலில் வந்தவர். அவர் இலவசமாகச் செய்துகொடுத்த "கசிவு சரிசெய்தல்" இதுதான்.

அந்தத் துளை எதற்கு என்று பெரியவர் விளக்கினார். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கூடுகிறது. 25 லிட்டர் தொட்டியில் அது ஏறத்தாழ ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். வந்த வழியே திரும்பிப் போகாதபடி வால்வு தடுத்திருப்பதால், உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் அளவு மீறும்போது வால்வு திறந்து சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. ஆக, சூடாகும் நேரத்தில் மட்டும் அது சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கீசர் அணைந்திருக்கும்போதும் ஓயாமல் ஒழுகினால் குழாயில் அழுத்தம் அதிகமாக இருக்கலாம், அல்லது வால்வு பழுதாகியிருக்கலாம். அப்போதும் வால்வை மாற்றலாமே தவிர, துளையை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

தண்ணீர் வைத்த அளவுக்குச் சூடானதும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதாகி நிறுத்தத் தவறினால், சூடு அளவு மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்அவுட் நிறுத்த வேண்டும். அதுவும் தவறினால் மிச்சம் இருப்பது இந்த வால்வு ஒன்றுதான். அதுவும் அடைபட்டிருந்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக முடியாமல் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். எங்காவது ஓரிடத்தில் தொட்டி விட்டுக்கொடுத்தால், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். பெரியவர் இதைச் சொல்லி முடிக்கும்போது அம்மா குளியலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அடுத்து, தொட்டியின் அடி மூடியைக் கழற்றினார். இரண்டே திருகாணிகள். தெர்மோஸ்டாட்டின் குமிழ் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பப்பட்டிருந்தது. சத்தம் நின்ற மாயம் அதுதான். தண்ணீர் நன்றாகச் சூடேறுவதற்கு முன்பே மின்சாரம் நின்றுவிட்டால் வெடிப்புச் சத்தம் வலுப்பதற்கு நேரமே இல்லை. வேறு எதையும் முதலில் வந்தவர் மாற்றவில்லை. காயிலைப் பிடித்திருக்கும் தட்டின் நட்டுகளில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஒன்பது ஆண்டுத் துரு அப்படியே படிந்திருந்தது. முக்கால் மணி நேரம் சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் எதைத் தட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படி வெப்பநிலையைக் குறைத்து வைப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் பெருகக்கூடியது. தண்ணீர்த் துளிகளோடு மூச்சில் கலந்தால் நிமோனியாவை உண்டாக்கும். முதியவர்களுக்கு ஆபத்து அதிகம். சேமிப்புத் தொட்டியை 60 டிகிரியில் வைக்கச் சொல்வது இதனால்தான். அந்தச் சூடு தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும் என்பதால், குளிர்நீர் கலந்துதான் பயன்படுத்த வேண்டும்.

பெரியவர் தரையில் செய்தித்தாளை விரித்து, தட்டைக் கழற்றிக் காயிலை வெளியே இழுத்தார். காயில் என்று சொன்னால்தான் தெரியும். என் விரல் பருமனுக்கு வெள்ளைப் படிவு அதைச் சுற்றி உறைந்திருந்தது. தொட்டிக்குள் கையை விட்டு வழித்தார். முட்டை ஓட்டை நொறுக்கியது போன்ற சில்லுகளும் சாம்பல் நிறச் சேறும் இரண்டு கைப்பிடி வந்தன. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். ஒரு சில்லின் மேல் வினிகரைச் சொட்டினார். சுறுசுறுவென்று நுரைத்தது. இந்தப் படிவுக்குள் சிக்கிய தண்ணீர், காயிலின் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து உடைகிறது. நாங்கள் பயந்த டப், டப் அதுதான். சத்தத்தைக் கேட்டு நடுங்க வேண்டியதில்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

மல்டிமீட்டரை வைத்துக் காயிலின் மின்தடையைப் பார்த்தார். 230 வோல்ட்டில் 2,000 வாட் காயிலுக்கு 26 ஓம் அளவில் இருக்க வேண்டும். அப்படியே இருந்தது. தொட்டியின் உலோகத்துக்கு மின்கசிவும் இல்லை. படிவை நீக்கிவிட்டு அதே காயிலை மாட்டினார்.

ஆனோடு ராடை எடுத்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அது ஒரு மக்னீசியத் தண்டு. தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருப்பதற்காகத் தன்னை அரித்துக்கொள்ளும். இந்த உத்தி 200 ஆண்டுப் பழையது. கப்பல்களின் செம்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்காமல் இருக்க, துத்தநாகத்தையும் இரும்பையும் அவற்றோடு இணைத்து ஹம்ப்ரி டேவி 1824இல் செய்துகாட்டினார். எங்கள் தண்டில் மக்னீசியமே மிச்சமில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் நிர்வாணமாக நின்றது. உண்மையில் மாற்றியே ஆக வேண்டிய ஒரே பாகம் இதுதான். அதற்கும் பணம் வாங்கிக்கொண்டு, திறந்துகூடப் பார்க்காமல் போயிருக்கிறார். இன்னும் ஓர் ஆண்டு விட்டிருந்தால், அவர் பொய்யாகச் சொன்னபடியே தொட்டி நிஜமாக அரித்துப் போயிருக்கும்.

அவரை அனுப்பிய நிறுவனத்தைத் தொடர்புகொண்டேன். ரசீதில் உதிரிபாகம் எதுவும் குறிக்கப்படவில்லை, ஆகவே பொறுப்பேற்க முடியாது என்றார்கள். வால்வை அடைத்ததைப் பற்றிச் சொன்னேன், படங்களை அனுப்பினேன். "விசாரிக்கிறோம்" என்றதோடு சரி. பணம் திரும்ப வரவில்லை. பணத்தைவிட, அந்த ஆள் இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை வால்வுகளை அடைத்திருப்பார் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

இன்றே உங்கள் கீசரின் அருகே போய் அந்த வால்வின் துளையைப் பாருங்கள். மூடியோ, முடிச்சிட்ட குழாயோ, மெழுகோ எதுவும் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் பிரேக்கரை இறக்கிவிட்டு, தெரிந்த ஒருவரை அழையுங்கள். குழாயைத் திறந்ததும் ஆவியோ கொதிநீரோ சீறிக்கொண்டு வந்தாலும், குழாயைத் தொடும்போது கையில் சுருக்கென்று மின்சாரம் தெரிந்தாலும் அப்படித்தான், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. குழாயை மூடும் கணத்தில் மட்டும் சுவரில் ஓங்கி அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டால் அது குழாய்களில் நீர் மோதும் சத்தம், கீசரின் மேல் பழி போட்டுப் பாகம் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். வேலை நடக்கும்போது கதவு திறந்திருக்கட்டும். மாற்றிய ஒவ்வொரு பாகமும் ரசீதில் பெயரோடு இருக்க வேண்டும், கழற்றிய பழையது உங்கள் கையில் இருக்க வேண்டும். வீட்டில் வயதானவர் தனியாக இருக்கும் நேரத்தில் இப்படிப்பட்ட ஆட்களை வரவழைக்காதீர்கள். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

எங்கள் கீசரில் இப்போது புதிய ஆனோடு ராடு இருக்கிறது. சூடேறும்போது மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கிறது. வால்வு மறுபடி சொட்டுகிறது. அதற்குக் கீழே அம்மா ஒரு சிறிய வாளியை வைத்திருக்கிறார். காலையில் கீசரைப் போட்டதும் சொட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்.