லியான்ஸா, காப்ஸா?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஃப்ரோசன் கஸ்டர்ட் (முட்டை மஞ்சள்கரு சேர்த்த ஒருவகை ஐஸ்கிரீம்) என்று பேச்சு வந்தாலே எனக்கு லியான்ஸ், காப்ஸ் என்ற இந்த இரண்டு கடைதான் நினைவுக்கு வரும். லியான்ஸ் 1942-லிருந்து இருக்கிறது. ராத்திரி நியான் விளக்கு எரியும்போது காரை நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்று கோன் சாப்பிடுகிற சுகமே தனி, வெனிலா, சாக்லேட், பட்டர் பெக்கான் என்று சுவைகள் கொஞ்சம்தான், ஆனால் மஞ்சள்கரு சேர்வதாலும் காற்று குறைவாகக் கலப்பதாலும் கஸ்டர்ட் சாதாரண ஐஸ்கிரீமைவிட அடர்த்தியாக, நாக்கில் வழுவழுவென்று இறங்கும். காப்ஸ் 1950-ல் எல்சா காப் தொடங்கியது. அங்கே தினமும் சுவை மாறும், அப்புறம் பெரிய பெரிய பர்கர். குழந்தைகளோடு பசியாகப் போனால் காப்ஸ் சரி. கஸ்டர்டுக்காக மட்டும் என்றால் எனக்கு லியான்ஸ்தான், அதுவும் வெறும் வெனிலா.