விளக்கு அணைந்தால் போதுமா? பழைய டீசல் காரில் குளோ பிளக் மாற்றிய அனுபவம்

பழைய டீசல் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், குளிர்ந்த டீசல் எஞ்சின் கிளம்ப உதவும் சிறு மின்சூடேற்றியான குளோ பிளக்குகளில் ஒன்று மட்டும் செத்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதுமா, நான்கையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார். நான்கையும் மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். ஆனால் ஒன்று செத்திருக்கிறது என்பதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைத்தான் நான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏனெனில் என் காரில் இரண்டு பிளக்குகள் முற்றிலும் செயலிழந்த பிறகும், டாஷ்போர்டில், பிளக் சூடாகிவிட்டது, இனி கிளப்பலாம் என்று அணைந்து காட்ட வேண்டிய சுருள் வடிவ மஞ்சள் விளக்கு ஒவ்வொரு காலையும் ஒழுங்காக எரிந்து, ஒழுங்கான நேரத்தில் அணைந்து, எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் இந்த வண்டியின் மீது எனக்கு உள்ள பெரிய குறை அந்த விளக்குதான்.

என் வண்டியில் இருப்பது பழைய வகை எஞ்சின். டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படாமல், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் உள்ள சிறிய முன்னறையில் பீய்ச்சப்பட்டு அங்கே பற்றிக்கொண்டு, பிறகு சிலிண்டருக்குள் பாயும். 1936ஆம் ஆண்டு வெளிவந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி தொடங்கிப் பல தலைமுறை டீசல் கார்கள் இந்த அமைப்பில்தான் ஓடின. சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை என்ற நன்மைகள் இதற்கு உண்டு. ஆனால் முன்னறையின் சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால், பிஸ்டன் காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்திச் சூடேற்றினாலும் அந்தச் சூட்டில் கணிசமான பங்கைக் குளிர்ந்த உலோகம் உறிஞ்சிக்கொள்ளும். டீசல் தானாகப் பற்றுவதற்கு வேண்டிய சூடு மிஞ்சாமல் போகும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் முன்னறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குளோ பிளக்கின் முனை ஏறக்குறைய 850 டிகிரி செல்சியஸ் வரை சிவந்து நிற்கிறது. நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்கள் கடுங்குளிர் இல்லாவிட்டால் பிளக் இல்லாமலும் கிளம்பிவிடும். முன்னறை எஞ்சின் அப்படி இல்லை. இரவு முழுவதும் நின்ற வண்டி என்றால், மிதமான வானிலையிலும் அதற்குப் பிளக் தேவை.

பிளக்குகள் தேய்ந்துபோவது ஒரே நாளில் தெரிவதில்லை. முதலில், சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும் எஞ்சின் சற்று நேரம் எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. பிறகு, கிளம்பியவுடன் வண்டி முழுவதும் நடுங்குகிறது. பின்னால் வெள்ளைப் புகை எழுகிறது, எரியாத டீசலின் நாற்றம் கண்ணை எரிக்கிறது, அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கி எஞ்சின் இயல்பாக ஓடுகிறது. நல்ல பிளக் உள்ள இரண்டு சிலிண்டர்கள் மட்டும் முதலில் பற்றி, அவற்றின் சுழற்சியில் மற்ற இரண்டும் சூடேறி மெதுவாகச் சேர்ந்துகொள்வதே அந்த நடுக்கம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பகல் முழுவதும் எந்தக் குறையும் தெரியாது என்பதால், பட்டறைக்கு ஓட்டிச் சென்று நிறுத்தினால் அங்கே அது ஒரே தொடுதலில் கிளம்பிக் காட்டும்.

இங்கேதான் அந்த விளக்கு தன் வேலையைக் காட்டுகிறது. நான் வண்டியைக் காட்டிய முதல் பட்டறையில், "விளக்கு எரிந்து அணைகிறதே சார், ஹீட்டர் பிளக் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். பேட்டரி வலுவிழந்திருக்கலாம் என்று புதிய பேட்டரி போட்டார்கள். ஸ்டார்டர் சற்று வேகமாகச் சுழன்றது, புகையும் நடுக்கமும் அப்படியே இருந்தன. அடுத்தபடியாக டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சரிபார்க்க வேண்டும், பம்ப்பின் டைமிங்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தக் கட்டத்தில் வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பட்டறைக்காரரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வண்டியே தன்னைப் பற்றித் தவறான தகவலைத் தரும்போது, அவசரத்தில் வேலை செய்கிறவர் அதை நம்புவதில் வியப்பில்லை.

அந்த விளக்கு எதை அளக்கிறது என்று சுற்றுவரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அது எதையும் அளக்கவில்லை. எஞ்சின் நீரின் வெப்பநிலையைப் பார்த்து, இத்தனை விநாடி எரி என்று, பிளக்குகளுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேக்குள் இருக்கும் நேரக்கணிப்பான் சொல்கிறது, விளக்கு எரிகிறது, நேரம் முடிந்ததும் அணைகிறது. பிளக்குகளுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததா, போன மின்சாரம் முனையைச் சிவக்க வைத்ததா என்ற கேள்விகளுக்கும் அந்த விளக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாலும் அது அதே நேரம் எரிந்து அணையும்.

இதைவிடப் பழைய வண்டிகளில், தடித்த கம்பிச் சுருள் கொண்ட பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருந்தன. அவற்றில் ஒன்று அறுந்தால் மொத்தச் சுற்றும் செத்துவிடும், எஞ்சின் கிளம்பாது, ஓட்டுபவருக்கு அன்றைக்கே விஷயம் தெரிந்துவிடும். பிறகு வந்த பென்சில் வடிவப் பிளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பக்க இணைப்பில், ஒரே உலோகப் பட்டையிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் வேலை செய்வதால் வண்டி நடுவழியில் கைவிடாது என்பது பெரிய முன்னேற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் பழுதை மறைத்துவிடும் இயல்பும் அந்த இணைப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது என்பதால், அதை வெளிக்காட்ட ஓர் எச்சரிக்கையும் கூடவே வந்திருக்க வேண்டும். அதே தலைமுறையைச் சேர்ந்த வேறு சில கார்களின் ரிலேக்கள் பிளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கவனித்து, குறை இருந்தால் விளக்கின் மூலமாகவே தெரிவித்தன. கணினி வந்த பிறகான டீசல்களில் பி0671 முதல் பி0674 வரையிலான பிழைக் குறியீடுகள் எந்தச் சிலிண்டரின் பிளக் என்பதையே சொல்லிவிடுகின்றன. ஆகவே, அந்தக் காலத்தில் தொழில்நுட்பம் இல்லை என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. செய்ய முடிந்ததை இந்த வண்டியில் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

விளக்கை நம்ப முடியாத நிலையில் நம்ப வேண்டியது அளவியை. மின்னோட்டத்தைக் கம்பியைக் கழற்றாமலே அளக்கும் கிளாம்ப் மீட்டர், நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் வகை, ஒன்று கையில் இருந்தால் போதும். ரிலேயிலிருந்து பட்டைக்குச் செல்லும் தடித்த கம்பியில் அதை மாட்டிவிட்டு, உதவிக்கு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னால், ஒவ்வொரு பிளக்கும் தொடக்கத்தில் இருபது ஆம்பியர் அளவுக்கு இழுத்து, சூடேறச் சூடேறப் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்குவது தெரியும். நான்கும் நலமாக இருந்தால் மொத்தம் நாற்பதுக்கு மேல் நிற்கும். என் வண்டியில் அதில் பாதிதான் காட்டியது. ஒரு பொருளையும் கழற்றாமல், ஒரு நிமிடத்துக்குள், பட்டறையில் கிடைக்காத பதில் கிடைத்துவிட்டது. பிறகு பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றின் மின்தடையையும் மல்டிமீட்டரில் பார்த்தால் எது செத்தது என்பதும் உறுதியாகிவிடும். நல்ல பிளக் குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய ஒரு ஓம் காட்டும், செத்தது சுற்று அறுந்ததாகக் காட்டும். இவ்வளவு சிறிய மின்தடையை அளக்கும்போது மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கணக்கு பிசகும்.

பிளக் மாற்றும் வேலையில் பொறுமை ஒன்றே உண்மையான கருவி. பல்லாண்டு கரி முனைக்கும் துளைக்கும் இடையில் இறுகிப்போயிருக்கும். எம்10 மரை (10 மி.மீ. தடிமன்) கொண்ட பிளக் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு அளவிலும், எம்12 மரை கொண்டது 45 அளவிலும் முறிந்துவிடக் கூடும். முறிந்த துண்டு ஹெட்டுக்குள் தங்கிவிட்டால், சில மணி நேர வேலை ஹெட்டையே கழற்றும் வேலையாக மாறிவிடும். அதனால் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி ஊறவிட்டு, எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிய பின், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறியும் அளவுக்கு வெகுவாகக் கீழே எல்லை வைத்து, சற்று இளகினால் மீண்டும் சற்று முறுக்கி, மறுபடி இளக்கி, அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும். முனை வீங்கிய பிளக் மரையிலிருந்து விடுபட்ட பிறகும் துளையில் சிக்கிக்கொள்ளும். ரிலே ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டாலோ, இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் ஒழுகினாலோ முனை கெடுவதுண்டு. அப்படி ஒன்று வெளியே வந்தால் புதியதைப் போடும் முன் காரணத்தைத் தேட வேண்டும். பழையதை எடுத்ததும் துளையில் உள்ள கரியை அதற்குரிய ரீமரில் கிரீஸ் தடவிச் சுரண்டி எடுக்காமல் புதியதைத் திணிப்பது, அடுத்த முறை கழற்றப்போகிறவருக்குச் செய்யும் துரோகம்.

நான்கையும் சேர்த்து மாற்றச் சொல்வதன் காரணமும் இந்த உழைப்புதான். கடைசி பிளக்கைத் தொட இன்ஜெக்ஷன் பம்ப்பின் குழாய்களுக்கு இடையில் கையை நுழைக்க வேண்டியிருக்கிறது, காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒரே வயதுடைய நான்கில் ஒன்று போய்விட்டால் மற்றவற்றின் முறையும் தொலைவில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இதே வேலையைத் திரும்பச் செய்வதில் பொருளில்லை. புதியவை வண்டிக்கு உரிய வோல்ட் அளவா என்று பார்த்து வாங்குங்கள். பிற்காலக் கார்களுக்கான குறைந்த வோல்ட் பிளக்கைப் பழைய 12 வோல்ட் சுற்றில் மாட்டினால் அது விரைவில் எரிந்துபோகும். எம்12 என்றால் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினால் போதும். மேலே இருக்கும் சிறிய நட்டுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும்.

மாற்றிய பிறகு கிடைத்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பினால், நான்கு சிலிண்டர்களும் ஒரே குரலில் பிடித்துக்கொள்கின்றன. புகை இல்லை, நடுக்கம் இல்லை, நாற்றம் இல்லை. ஸ்டார்டர் மோட்டார் இழுத்து முனகும் சத்தமே மறந்துவிட்டது. இவ்வளவு வயதான எஞ்சினுக்குள் இத்தனை இளமை மிச்சம் இருந்ததை அறிந்து உண்மையாகவே நெகிழ்ந்துபோனேன். கணினி எதுவும் இல்லாமல், சில மரைகளும் கம்பிகளும் மட்டும் புரிந்தால் உரிமையாளரே பேணிக்கொள்ளக்கூடிய இப்படிப்பட்ட எஞ்சினை இனி யாரும் செய்யப் போவதில்லை.

ஆனாலும் அந்த விளக்கு மாறவில்லை. புதிய இரட்டைச் சுருள் பிளக்குகள் ஐந்தாறு விநாடியில் சிவந்துவிடுகின்றன, விளக்கோ பழைய மந்தமான பிளக்குகளுக்கு வகுத்த கணக்கின்படியே எரிந்துகொண்டிருக்கிறது. செத்த பிளக்குகளுடன் கிளம்பச் சொன்னதும், உயிருள்ள பிளக்குகளுடன் காத்திருக்கச் சொல்வதும் அதே விளக்குதான். இந்த எஞ்சினை எவ்வளவு பாராட்டினாலும், இந்த மாடலை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஓட்டம், சிக்கனம், உறுதி என்று எண்ணிக் கூட்டினால் விடை வேறாக வரலாம், எனக்குத் தெரியும். தன் நிலையை மறைக்கும் வண்டியை மற்றொருவர் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. அப்படியும் வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் தங்கள் கண் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். கிளாம்ப் மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். சூடேறி நின்ற பிறகும் எண் நாற்பதைத் தொடாவிட்டால், விளக்கு என்ன சொன்னாலும், விற்பவர் என்ன சொன்னாலும், நான்கு பிளக்குகளின் செலவையும் உழைப்பையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.