அக்கிக்குக் காலமைன் லோஷன்: எதுவரை கைகொடுக்கும்?

அக்கி வந்ததும் பலரும் முதலில் வாங்குவது காலமைன் லோஷன். அரிப்பைத் தணிப்பதிலும் கொப்புளத்தை உலர்த்துவதிலும் இது நல்ல சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் வைரஸை இது தொடாது. நரம்பு வலியையும் பெரிதாகக் குறைக்காது. இதைப் பூசிக்கொண்டு "பார்ப்போம்" என்று நாள் கடத்துவதுதான் ஆபத்து.

முதலில், வந்திருப்பது அக்கிதானா? எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரிலேயே தங்கியிருந்து, பின்னாளில் விழித்து, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து விலாவைச் சுற்றிப் பட்டையாகப் படரும். நடுக்கோட்டோடு பெரும்பாலும் நின்றுவிடும். கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே அந்த இடம் எரியும், சட்டை உரசினால்கூட வலிக்கும். பூச்சி தோலில் நசுங்கி வரும் புண் வேறு மாதிரி: முன்வலி இருக்காது, கோடு இழுத்ததுபோல் இருக்கும், முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் ஒரே அச்சாக விழும். ஒவ்வாமையில் வலியைவிட அரிப்பே மிஞ்சும்.

அக்கிதான் என்றால் முதல் புள்ளி தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்க வேண்டும். வழக்கமான அளவு அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம், தினம் 3 வேளை, 7 நாள். ஐந்து வேளையில் ஒன்று எப்படியும் தவறிப்போகும், ஆகவே இரண்டாவதுதான் வசதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் அசைக்ளோவிர் சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடும். 72 மணி தாண்டிவிட்டாலும் புதுக் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தால் போய்க் காட்டுங்கள்.

காலமைனைப் பூசுவதிலும் பக்குவம் உண்டு. அடியில் தங்கிய மண்டி கரையும்வரை பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். சுத்தமான பஞ்சில் நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தினம் மூன்று நான்கு முறை போதும். பலரும் விடுவது அடுத்த படியைத்தான்: மறுமுறை பூசும் முன் பழைய பூச்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கழுவ வேண்டும். மேலுக்கு மேல் பூசினால் ஓடாக இறுகி, உரியும்போது கொப்புளத்தின் தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். அடியில் சீழ் வைத்தாலும் தெரியாது. கொப்புளம் உடைந்து சிவந்த இடத்தில் இது வேண்டாம். அங்கே பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, புண்ணில் ஒட்டாத துணிக்கட்டுப் போடுங்கள். கண்ணருகிலும் வாய்க்குள்ளும் காலமைன் கூடவே கூடாது.

அசைக்ளோவிர் க்ரீம்? அக்கிக்குப் பரிந்துரைக்க முடியாது. 5% க்ரீம் உதட்டுக் கொப்புளத்துக்கானது. நரம்பில் இருக்கும் வைரஸை அது எட்டாது. மருந்து போட்டாயிற்று என்ற தெம்பில் மாத்திரை தள்ளிப்போவதே மிச்சம். ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை நாமாக வாங்கிப் பூசுவது இன்னும் மோசம். தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் 5% ஒட்டுப்பட்டையைக் கொப்புளத்தின் மேல் ஒட்டக்கூடாது. தோல் முழுதும் ஆறியபின்னும் வலி நீடித்தால்தான் அதற்கு வேலை. 12 மணி நேரம் ஒட்டினால் 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. காதில் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் ஆபத்துதான். இரண்டிலும் அன்றைக்கே மருத்துவமனை. மருந்து சாப்பிட்டபின் காய்ச்சலோடு வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்தால் அது அக்கியே அல்ல, உயிருக்கு ஆபத்தான அவசரநிலை.

காலமைன் பூச்சு புண்ணை மூடியதாகாது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, அதாவது பெரும்பாலும் 7 முதல் 10 நாள், மேலே தளர்வான துணி இருக்கட்டும். கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றலாம். கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் அருகில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.